மொபைல் ஸ்டார்ட்டருக்குள் இருக்கும் பேட்டன்ட்: காசு கட்ட வேண்டியது நானா, மாட்யூல் செய்தவரா?

ரீவைண்டிங் கடை, கொழிஞ்சாம்பாறை

எல்லோருக்கும் வணக்கம். பாலக்காடு மாவட்டம் கொழிஞ்சாம்பாறையில் மோட்டார் ரீவைண்டிங் கடை வைத்திருக்கிறேன். ஆறு வருடமாக மொபைல் ஸ்டார்ட்டரும் செய்து கொடுக்கிறேன். வேலந்தாவளம், எருத்தேம்பதி, கோபாலபுரம் பக்கத்துத் தோப்புகளில் இதுவரை நூற்று நாற்பது பெட்டி மாட்டியிருப்பேன். வீட்டிலிருந்து போன் அடித்து 1 அழுத்தினால் மோட்டார் ஓடும், 2 அழுத்தினால் நிற்கும். ஒரு பேஸ் போய்விட்டால் குறுஞ்செய்தி வரும். உள்ளே சிம்800 என்கிற 2ஜி மாட்யூல், ரிலே, நான் போட்ட போர்டு. அவ்வளவுதான்.

இப்போது 4ஜிக்கு மாற்றியாக வேண்டும். எங்கள் பக்கம் பலரும் ஜியோ சிம் வைத்திருக்கிறார்கள், அதில் 2ஜியே கிடையாது. கோயம்புத்தூர் வியாபாரி ஒருவர் தன் பெயர் போட்டு வருடத்துக்கு 2000 பெட்டி கேட்கிறார். நல்ல விலைதான். ஒப்பந்தத்தில் ஒரு வரி இருக்கிறது: 'மூன்றாம் நபர் பேட்டன்ட் கோரிக்கை எதுவாக இருந்தாலும் தயாரிப்பாளரே பொறுப்பு.' மூன்று தடவை படித்தேன். இரவில் தூக்கம் வரவில்லை.

4ஜி மாட்யூலை நான் செய்யவில்லை, காசு கொடுத்து வாங்குகிறேன். தபால் தலை அளவு இருக்கும், மேலே தகர மூடி, அதில் ஐஎம்இஐ எண் பொறித்திருக்கும். அந்த மூடிக்குக் கீழே யாருடைய பேட்டன்ட் எல்லாம் இருக்கிறது? வாங்கின விலையிலேயே ராயல்டி சேர்ந்திருக்கிறதா, இல்லை நான் தனியாகக் கட்ட வேண்டுமா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

வடகரைப்பதி விவசாயி

தம்பி, உங்கள் பெட்டி என் தோப்பில் நாலு வருடமாக ஓடுகிறது. ஒரு தடவை மோட்டாருக்குக் கரண்ட் விடும் கான்டாக்டர் சுவிட்சுக்குள் எறும்பு கூடு கட்டியதுதான் தொந்தரவு, வேறு ஒன்றும் இல்லை. பேட்டன்ட் எனக்குத் தெரியாத விஷயம். ஆனால் அந்த வரியோடு மட்டும் கையெழுத்துப் போட்டுவிடாதீர்கள்.

பேட்டன்ட் ஏஜென்ட், கோவை

பத்து வருடமாக இந்த வேலை. பொதுவாகச் சொல்கிறேன், உங்கள் காகிதத்தைப் பார்த்தால்தான் முடிவாகச் சொல்ல முடியும்.

முதலில் 2ஜி. நம் சட்டப்படி பேட்டன்ட்டின் ஆயுள் விண்ணப்பித்த நாளிலிருந்து 20 ஆண்டு. ஜிஎஸ்எம் 1991ல் ஓடத் தொடங்கிவிட்டது. அதன் அடிப்படைப் பேட்டன்ட்கள் எல்லாம் முடிந்து ரொம்ப நாளாகிறது. இத்தனை வருடம் யாரும் உங்களைக் கேட்காததில் ஆச்சரியம் இல்லை.

4ஜி வேறு கதை. எல்லாக் கம்பெனியின் கருவிகளும் ஒன்றோடொன்று பேசுவதற்கான பொது விதிமுறையைத்தான் தரம் என்கிறோம். 4ஜியின் தரம் எல்டிஇ, அதன் முதல் பதிப்பு 2008 கடைசியில்தான் உறுதியானது. அதற்காக எழுதிய பேட்டன்ட்களில் நிறைய இன்னும் உயிரோடு இருக்கின்றன. உங்களைப் போன்றவர்களுக்குப் பொருத்தமான ஒற்றை ஆன்டெனா வகை, கேட் 1 பிஸ், 2016 வாக்கில் தரத்துக்குள் வந்தது. அது இன்னும் புதிது.

இந்தத் தரத்தைப் பல கம்பெனிகள் ஒன்றாக உட்கார்ந்து எழுதுகின்றன: குவால்காம், எரிக்சன், நோக்கியா, ஹுவாவே, சாம்சங், இன்னும் பலர். தரத்தில் சேர்ந்த முறையைத் தவிர்த்துவிட்டு யாரும் 4ஜி கருவி செய்ய முடியாது. அந்தப் பிடியை வைத்துக்கொண்டு ஒருவர் கழுத்தைப் பிடிக்கக் கூடாது என்பதற்காக, 'நியாயமான, ஏற்கத்தக்க, பாகுபாடு இல்லாத நிபந்தனையில் உரிமம் கொடுப்போம்' என்று அவர்கள் எழுதிக் கொடுக்கிறார்கள். ஐரோப்பியத் தர அமைப்பான எட்சியில் இந்த விதி 1994லிருந்து இருக்கிறது. ஆனால் 'எங்கள் பேட்டன்ட் தரத்துக்கு அவசியம்' என்று ஒருவர் அறிவித்தால், அது உண்மைதானா என்று எட்சி சோதித்துப் பார்ப்பதில்லை. விலையையும் அது சொல்வதில்லை. அதனால்தான் இத்தனை வழக்கு.

பெரியவர்களுக்குள் பெரும்பாலும் பரிமாற்றம் நடக்கும். என் பேட்டன்ட்டை நீ பயன்படுத்து, உன்னுடையதை நான் பயன்படுத்துகிறேன், மிச்சத்துக்கு ஒருவர் பணம் கட்டுவார். நோக்கியாவும் குவால்காமும் வருடக்கணக்கில் சண்டை போட்டு 2008ல் 15 ஆண்டு ஒப்பந்தத்தில் முடித்தார்கள். உங்களிடம் பரிமாற ஒன்றும் இல்லை என்பதுதான் உங்கள் சிக்கல்.

சத்தியவேட்டுக்காரன்

நான் ஆந்திரா பக்கம், சத்தியவேடு. ஸ்ரீசிட்டியில் போன் அசெம்பிளி லைனில் இருந்தவன். 2015 ஆகஸ்டில் ஃபாக்ஸ்கான் மூலமாக ஷாவ்மி போன் அங்கே செய்யத் தொடங்கினார்கள். எங்கள் ஊர்ப் பெண்கள் நிறையப் பேர் முதல் சம்பளம் வாங்கிய இடம் அது.

அதற்கு எட்டு மாதம் முன்னால் நடந்ததை இந்தக் கேள்விக்காகச் சொல்கிறேன். 2014 டிசம்பரில் எரிக்சன் தன் பேட்டன்ட்டை மீறுகிறார்கள் என்று டெல்லி உயர் நீதிமன்றத்துக்குப் போய் ஷாவ்மி போன் விற்பனைக்குத் தடை வாங்கியது. ஒரு வாரத்தில் அதே நீதிமன்றத்தின் இரு நீதிபதிகள் அமர்வில், குவால்காம் சிப் இருக்கும் போன்களை மட்டும் விற்கலாம், ஒரு போனுக்கு 100 ரூபாய் நீதிமன்றத்தில் கட்டுங்கள் என்றார்கள். சிப் செய்தவர் எரிக்சனிடம் உரிமம் வாங்கியவர் என்பதுதான் வாதம். மீடியாடெக் சிப் போட்ட மாடலுக்குத் தடை அப்படியே நின்றது. பக்கத்துப் பக்கத்துப் பெட்டி, ஒன்றை விற்கலாம், இன்னொன்றை விற்கக் கூடாது. உள்ளே இருக்கும் சிப் ஒன்றுதான் வித்தியாசம்.

ரீவைண்டிங் கடை, கொழிஞ்சாம்பாறை

சத்தியவேட்டு அண்ணா, இது எனக்கு ரொம்ப உபயோகம். அப்படியென்றால் உரிமம் உள்ள சிப் போட்ட மாட்யூலாகப் பார்த்து வாங்கினால் நான் தப்பித்துவிடுவேன் என்று எடுத்துக்கொள்ளலாமா?

பேட்டன்ட் ஏஜென்ட், கோவை

அங்கேதான் அவசரப்படக் கூடாது. அது இடைக்கால உத்தரவு, இறுதித் தீர்ப்பு இல்லை. இரண்டாவது விஷயம், சிப் வாங்கினாலே உரிமமும் கூடவே வந்துவிடும் என்று எல்லோரும் ஒப்புக்கொள்வதில்லை. குவால்காமே தன் வியாபாரத்தை இரண்டாகப் பிரித்து வைத்திருக்கிறது: சிப் விற்பது ஒரு பிரிவு, உரிமம் கொடுப்பது இன்னொரு பிரிவு. உரிமம் எடுக்காத போன் கம்பெனிக்கு சிப் கிடையாது என்பது அதன் கொள்கை. அமெரிக்க வர்த்தக ஆணையம் 2017ல் இதை எதிர்த்து வழக்குப் போட்டது. 2019ல் கீழ் நீதிமன்றம் குவால்காமுக்கு எதிராகத் தீர்ப்புச் சொன்னது, 2020 ஆகஸ்டில் மேல் நீதிமன்றம் அதை ரத்து செய்தது. ஆப்பிளும் 2017ல் சண்டைக்குப் போய் 2019 ஏப்ரலில் ஆறு வருட உரிமம் எடுத்துக்கொண்டு வழக்கை முடித்தது.

'கட்ட வேண்டியது யார்' என்ற உங்கள் கேள்வியை நீங்கள் கேட்பதற்கு முன்பே கேட்டவர்கள் கார் கம்பெனிக்காரர்கள். டெய்ம்லர் காரில் 4ஜி மாட்யூல் இருக்கிறது. நோக்கியா, காருக்கு உரிமம் எடு என்றது. டெய்ம்லர், மாட்யூல் செய்து தருகிறவருக்குக் கொடு என்றது. உதிரி பாகம் செய்கிறவர்களும் எங்களுக்குக் கொடுங்கள் என்றுதான் கேட்டார்கள். ஜெர்மனியில் மான்ஹைம் நீதிமன்றம் 2020ல் நோக்கியா பக்கம் தீர்ப்புச் சொன்னது. டுசல்டார்ஃப் நீதிமன்றம் இந்தக் கேள்வியை ஐரோப்பிய உயர் நீதிமன்றத்துக்கு அனுப்பியது. அங்கே பதில் வருவதற்குள் 2021 ஜூனில் இருவரும் சமரசமாகிவிட்டார்கள். கேள்வி அப்படியே நிற்கிறது.

ஏன் மாட்யூலை விட்டுக் காரைப் பிடிக்கிறார்கள்? மாட்யூல் சில நூறு ரூபாய், கார் பல லட்சம். எதன் மேல் சதவீதம் போடுகிறோம் என்பதில்தான் பணம். கார்களுக்காக அவான்சி என்று ஒரு கூட்டு 2016ல் வந்தது, பலருடைய பேட்டன்ட்டையும் ஒரே கட்டணத்தில் தருகிறது. 4ஜி காருக்கு 15 டாலர் என்று இருந்து 20 டாலர் ஆனது. உங்கள் பெட்டியின் மொத்த லாபமே அவ்வளவு இருக்காது.

இந்தியாவிலும் கைகட்டிச் சும்மா இருக்கிறார்கள் என்று நினைக்காதீர்கள். 2024 மார்ச்சில் டெல்லி உயர் நீதிமன்றம், எரிக்சனுக்கு 244 கோடி ரூபாய் கொடுக்கும்படி லாவா போன் கம்பெனிக்கு உத்தரவிட்டது. நூற்று நாற்பது பெட்டிக்காரரைத் தேடி யாரும் வர மாட்டார்கள் என்பது என் அனுபவம். ஆனால் வியாபாரி பத்தாயிரம் பெட்டி விற்று, ஏற்றுமதியும் செய்யத் தொடங்கினால், கடிதம் முதலில் அவருக்கு வரும். அவர் அந்த வரியைக் காட்டி உங்களிடம் திருப்பிவிடுவார். அந்த வரி அதற்காகத்தான் எழுதப்பட்டிருக்கிறது.

கஞ்சிக்கோடு ஓய்வு

தம்பிகளுக்கு வணக்கம். வாளையாறு தாண்டிக் கஞ்சிக்கோட்டில் இருக்கும் ஐடிஐ (இந்தியன் டெலிபோன் இண்டஸ்ட்ரீஸ்) தொலைபேசித் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். 1976ல் ஆரம்பித்த தொழிற்சாலை. நான் சேர்ந்தது 1985ல். போர்டில் பற்றுவைத்து, சோதித்து, ரேக்கில் ஏற்றும் பிரிவு. எங்கள் லைனில் பாதிப்பேர் தமிழ் பேசுகிறவர்கள், பாதிப்பேர் மலையாளம். சாப்பாட்டு மணிக்கு இரண்டும் கலந்துவிடும்.

பேட்டன்ட், வழக்கு எல்லாம் கோவைத் தம்பி சொல்லிவிட்டார். எனக்குத் தெரிந்தது உரிமம் வாங்கி வேலை செய்கிற பக்கம்.

ஐடிஐ 1948ல் பெங்களூரில் ஆரம்பித்தது. முதலில் பிரிட்டிஷ் கம்பெனி ஒன்றிடம் ஸ்ட்ரோஜர் என்கிற டெலிபோன் எக்ஸ்சேஞ்ச் நுட்பம். பிறகு 1964ல் பெல்ஜியத்திலிருந்து பென்டகான்டா கிராஸ்பார் வகை எக்ஸ்சேஞ்ச். எண்பதுகளின் தொடக்கத்தில் பிரான்சின் அல்காடெலிடமிருந்து ஈ10பி என்கிற டிஜிட்டல் எக்ஸ்சேஞ்ச், அதற்காகவே உத்தரப் பிரதேசம் மன்காபூரில் புதுத் தொழிற்சாலை. மூன்று தலைமுறை, மூன்று நாட்டு வரைபடம். வரைபடத்தில் இருப்பதைச் செய்ய நம் ஆட்கள் நன்றாகவே கற்றார்கள். ஏன் அப்படி வரைந்தான் என்பது வரைபடத்தில் இருக்காது.

கிராஸ்பார் விஷயத்தில் அது தெரிந்தது. ஐரோப்பாவில் ஒரு வீட்டுக்கு ஒரு போன், நாளைக்கு நாலைந்து அழைப்பு. இங்கே போன் கிடைப்பதே அபூர்வம், ஒரு போனைத் தெருவே பயன்படுத்தும். அத்தனை அழைப்பு அந்த எக்ஸ்சேஞ்சில் ஏறியபோது அது திணறியது. நம் பொறியாளர்கள் உட்கார்ந்து நம் ஊர்ப் பழக்கத்துக்கு ஏற்ப மாற்றி வடிவமைக்க வருடங்கள் ஆனது. வேலை பழகிய பிறகு மூத்தவர்கள் எங்களுக்கு இதைச் சொல்லிக் கொடுத்தார்கள். கையில் ரிலேயை வைத்துக்கொண்டு, 'இது எத்தனை தடவை திறந்து மூட வேண்டும் என்று எங்கேயோ ஒருவன் முடிவு செய்தான், அவன் நம் தெருவைப் பார்த்ததில்லை' என்பார் எங்கள் ஃபோர்மேன்.

1984ல் மத்திய அரசின் தொலைத்தொடர்பு ஆராய்ச்சி மையமான சிடாட் வந்தது. சாம் பிட்ரோடா தலைமையில் நம் பிள்ளைகள் வடிவமைத்த சிறிய கிராமப்புற எக்ஸ்சேஞ்ச், 128 லைன். குளிரூட்டும் அறை வேண்டாம் என்பதுதான் அதன் விசேஷம். அதன் நுட்பத்தைச் சிடாட் தானே வைத்துக்கொள்ளாமல் பல தொழிற்சாலைகளுக்கு உரிமம் கொடுத்தது. எங்களுக்கும் வந்தது. அப்போது வித்தியாசம் புரிந்தது. ஒரு போர்டு திரும்பத் திரும்பப் போகிறது என்றால் பெங்களூருக்கோ டெல்லிக்கோ ஆள் போவார், வடிவமைத்தவரிடமே கேட்பார், திருத்தம் வரும். பிரெஞ்சுக்காரனிடம் கேட்டால் ஒப்பந்தத்தில் அது இல்லை என்று பதில் வரும்.

ஆகவே கொழிஞ்சாம்பாறைத் தம்பி, மாட்யூல் விற்கிறவரிடம் ராயல்டி மட்டும் கேட்காதீர்கள். தப்பு வந்தால் மாட்யூலுக்குள் இருக்கும் மென்பொருளை, ஃபர்ம்வேரை, யார் திருத்துவார், எத்தனை வருடம் அந்த மாடலைக் கொடுப்பார், நிறுத்துவதற்கு எத்தனை மாதம் முன்னால் சொல்வார் என்பதையும் கேளுங்கள்.

எம்பெடட் பையன், பொள்ளாச்சி

ஐயா மன்னிக்கணும், எக்ஸ்சேஞ்ச் காலம் வேறு, இது வேறு. இன்று மாட்யூல் வாங்கித்தான் உலகமே செய்கிறது. எல்லாவற்றையும் நாமே வடிவமைக்க வேண்டும் என்று காத்திருந்தால் தோப்பு காய்ந்துவிடும். அண்ணன் கவனிக்க வேண்டியது வேறு. விலை குறைந்த கேட் 1 மாட்யூலில் நிறைய வகை டேட்டா மட்டும்தான், குரல் அழைப்பு வராது. நீங்கள் 1, 2 அழுத்தி ஓட்டுவது குரல் அழைப்பில். 4ஜியிலேயே குரல் அழைப்பு தரும் வோல்ட்டி உள்ள வகையா என்று பார்த்து வாங்குங்கள், இல்லை என்றால் ஆப் செய்தாக வேண்டும். ஒயர்லெஸ் கருவிக்கான ஈடிஏ சான்றிதழ் மாட்யூலுக்கு இருக்கிறதா என்றும் பாருங்கள்.

கஞ்சிக்கோடு ஓய்வு

தம்பி, வாங்க வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. நாங்களும் வாங்கித்தான் செய்தோம், என் பிள்ளைகள் படித்தது அந்தச் சம்பளத்தில். வாங்குகிற காலத்துக்குள் எதைக் கற்றுக்கொள்கிறோம் என்பதை ஒப்பந்தத்திலேயே எழுது என்கிறேன். 2025 செப்டம்பரில் பிஎஸ்என்எல் தொடங்கிய 4ஜியில் மையக் கருவி சிடாட், டவர் ரேடியோ தேஜஸ், இணைத்துக் கொடுப்பது டிசிஎஸ், மூன்றும் நம் நாட்டு நிறுவனங்கள். 97,500 டவர். அந்தச் செய்தியைப் பார்த்த அன்று பழைய லைன் நண்பர்கள் நாலு பேருக்குப் போன் செய்தேன். நாற்பது வருடம் முன்னால் 128 லைனில் ஆரம்பித்தது, தம்பி.

எம்பெடட் பையன், பொள்ளாச்சி

புரிகிறது ஐயா. நான் வேகமாகப் பேசிவிட்டேன். ஃபர்ம்வேர் விஷயம் உண்மைதான். எங்கள் கம்பெனியில் ஒரு மாட்யூல் மாடலைச் சொல்லாமல் நிறுத்திவிட்டார்கள், போர்டு முழுக்க மறுபடி வரைந்தோம்.

வேலந்தாவளம் ரீசார்ஜ்

கூட்டு ஒப்பந்தம் என்றதும் எனக்கு ஞாபகம் வந்தது. 2010ல் 3ஜி அலைக்கற்றை ஏலம் நடந்தது. ஏர்டெலுக்குத் தமிழ்நாடு கிடைத்தது, கேரளா கிடைக்கவில்லை. ஐடியாவுக்குக் கேரளா கிடைத்தது, தமிழ்நாடு கிடைக்கவில்லை. எங்கள் கடை தமிழ்நாட்டு எல்லைச் செக்போஸ்டிலிருந்து நடக்கிற தூரம். வோடபோனும் சேர்ந்து மூவரும், உன் டவரை என் வாடிக்கையாளருக்குக் கொடு, என் டவரை உனக்குத் தருகிறேன் என்று ஒப்பந்தம் போட்டார்கள். 2011 டிசம்பரில் தொலைத்தொடர்புத் துறை அதை நிறுத்தச் சொன்னது, ஏலம் எடுக்காத இடத்தில் சேவை கொடுப்பது உரிம மீறல் என்று. வழக்கு ஓடி 2014 ஏப்ரலில் தொலைத்தொடர்புத் தீர்ப்பாயம் அந்த ஒப்பந்தம் செல்லுபடியாகும் என்றது. அந்த இரண்டரை வருடம் '3ஜி வருமா, நிற்குமா' என்று கேட்ட ஆட்களுக்கு எனக்குச் சொல்லத் தெரியவில்லை. இரண்டு கம்பெனி கையெழுத்துப் போட்டால் போதாது, உரிமம் கொடுத்த அரசும் ஒத்துக்கொள்ள வேண்டும் என்று அப்போதுதான் புரிந்தது.

சத்தியவேட்டுக்காரன்

ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா தொழிற்சாலை 2014 நவம்பர் 1ல் மூடியது. என் அக்கா வீட்டுக்காரர் அங்கே இருந்தார். போன் தொழிலை மைக்ரோசாஃப்டுக்கு விற்றபோது நோக்கியா தன் பேட்டன்ட்களை விற்கவில்லை, பத்து வருட உரிமம் மட்டும் கொடுத்தது. 2016ல் பெயரையும் எச்எம்டி என்கிற போன் கம்பெனிக்கு உரிமமாகக் கொடுத்தது. தொழிற்சாலை போன பிறகும் பேட்டன்ட் வருமானம் அவர்களுக்கு வந்துகொண்டே இருக்கிறது. லைனில் நின்றவர்களுக்கு வேலை போனதோடு சரி. இதை நான் கோபத்தில் எழுதவில்லை. என் மகள் இப்போது பொறியியல் படிக்கிறாள், அவளிடம் இதைத்தான் சொல்லி வருகிறேன்.

ரீவைண்டிங் கடை, கொழிஞ்சாம்பாறை

பத்து நாள் கழித்து எழுதுகிறேன். நீங்கள் எல்லோரும் சொன்னதை ஒரு தாளில் எழுதிக்கொண்டு இரண்டு மாட்யூல் விற்பனையாளர்களிடம் கேட்டேன். பெயர் வேண்டாம்.

முதல் ஆளிடமிருந்து வந்த பதிலில், 'எங்கள் வடிவமைப்பு பற்றிய கோரிக்கைக்கு நாங்கள் பொறுப்பு, தரத்துக்கு அவசியமான பேட்டன்ட்களுக்கு அல்ல' என்று இருந்தது. எனக்கு வேண்டியது எதுவோ அதைத்தான் சரியாக வெளியே விட்டிருந்தார்கள். இரண்டாவது ஆள் யார் யாரிடம் மாட்யூல் அளவில் உரிமம் எடுத்திருக்கிறார்கள் என்று பட்டியல் அனுப்பினார். எல்லாப் பெயரும் இல்லை, ஆனால் எழுத்தில் இருக்கிறது. ஐந்து வருடம் அதே மாடல், நிறுத்துவதற்கு 12 மாதம் முன்னறிவிப்பு, அதையும் சேர்த்துக்கொண்டார். ஒரு மாட்யூலுக்கு 90 ரூபாய் அதிகம். வோல்ட்டி உண்டு. அவரிடமே வாங்கப் போகிறேன்.

வியாபாரியிடம் கோவை சார் எழுதிக் கொடுத்த மாற்று வரியோடு போனேன். பேட்டன்ட் பொறுப்பு நான் வடிவமைத்த போர்டோடு நிற்கும், 4ஜி தரம் சம்பந்தப்பட்டது வந்தால் இருவரும் பாதிப் பாதி, என் பங்கு அந்த வருடம் அவர் எனக்குக் கொடுத்த தொகையில் பத்து சதவீதத்தைத் தாண்டக் கூடாது. அவர் உடனே ஒத்துக்கொள்ளவில்லை. ஏற்றுமதி செய்வதாக இருந்தால் எனக்கு எழுத்தில் சொல்லிவிட்டுத்தான் செய்ய வேண்டும் என்பதை மட்டும் இப்போதைக்கு ஏற்றிருக்கிறார். அடுத்த வாரம் மறுபடி உட்காருகிறோம். அதுவரை கையெழுத்து இல்லை.

கஞ்சிக்கோடு ஐயா, உங்களை ஒரு நாள் நேரில் பார்க்க வர வேண்டும். புது போர்டின் வரைபடத்தையும் எடுத்து வருகிறேன்.

கஞ்சிக்கோடு ஓய்வு

ஞாயிற்றுக்கிழமை வாருங்கள் தம்பி. ஒரு பழைய பெட்டியையும் எடுத்து வாருங்கள், எறும்பு ஏறினது எந்த வழி என்று பார்க்கலாம்.

வடகரைப்பதி விவசாயி

தம்பி, முதல் 4ஜி பெட்டியை என் தோப்பில் மாட்டுங்கள். ஆழியாறு தண்ணீர் விடுவதற்குள் முடிந்தால் நல்லது. கிணற்றடியில் சிக்னல் ஒரு கோடுதான் காட்டுகிறது, ஆன்டெனா வயர் கொஞ்சம் நீளமாக வைத்துக்கொள்ளுங்கள்.